பதினான்கு நாற்காலி வட்டம்

குட்டி வீடுகளின் அருமையை நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த ஹில்கே, மனைவி ரிக்ஸ்டோடு குடியிருந்தது நாலு படுக்கையறையும் ஒரு பரணும் ஒரு மாட்டுக்கொட்டகையும் கொண்ட பழைய பண்ணைவீட்டில். நாலில் மூன்று அறைகளில் அவன் வடிவமைத்த குட்டி வீடுகளின் அட்டை மாதிரிகள் குடியிருந்தன. "ஊருக்கு உபதேசம் பண்றவன் வீட்டுலதான் இடமே பத்தல," என்று ரிக்ஸ்ட் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஹில்கேவும் சேர்ந்து சிரிப்பான். ஜனவரியில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று விசிலடிக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டான்.

நாற்பத்தாறு வயதில் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஊருக்கு வெளியே, முன்பு சர்க்கரைக்கிழங்கு விளைந்த நிலத்தில், நகராட்சி பன்னிரண்டு குட்டி வீடுகள் வைக்கப் போகிறது. வைக்கப் போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கட்டப் போகிறது என்று சொன்னால் சட்டம் மாறிவிடும். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக முடிந்தால் அது நகரும் வீடு, அனுமதி சுளுவு. முடியாவிட்டால் அது கட்டடம், அனுமதிக்குக் காத்திருப்பதற்குள் சுவரில் பாசி பிடித்துவிடும். ஹில்கே முதலில் ஒரே ஒரு மாதிரி வீடு செய்து தர வேண்டும். அதில் ஒருவர் மூன்று மாதம் குடியிருந்து பார்ப்பார். நவம்பர் கடைசியில் அவர், 'இது நான் வாழத்தக்க வீடு' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டின் வெப்பக்காப்பு முதல் தரம் என்று நகராட்சி ஆய்வாளர் பௌமா சொல்ல வேண்டும். இரண்டும் நடந்தால் மிச்சப் பதினொன்றும் ஹில்கேயின் பட்டறைக்கு. ஒன்று தவறினாலும், தெற்கே சரக்குப் பெட்டகங்களுக்கு ஜன்னல் வெட்டி வீடு என்று விற்கும் ஒரு நிறுவனம் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. ஹில்கேயின் பட்டறையில் நாலு தச்சர்கள். அதில் இரண்டு பேருக்கு இந்த வருடம்தான் குழந்தை பிறந்திருந்தது.

வீடு என்னவோ அழகாகத்தான் வந்திருந்தது. ஒன்பது மீட்டர் நீளம், வெளியே மூன்றரை மீட்டர் அகலம். அதற்கு மேல் போனால் சாலையில் கொண்டுபோக முடியாது. சணல் தண்டும் சுண்ணாம்பும் கலந்து இடித்த முப்பத்தைந்து சென்டிமீட்டர் சுவர். கூரையில் சூரியத் தகடு, பின்னால் மழைநீர்த் தொட்டி. எங்கேயும் பசை கிடையாது, எல்லாம் திருகாணிதான். நாளைக்கே பிரித்து வேறு வீடாகப் பூட்டலாம். நடுவில் ஒரு அலமாரிச் சுவர் தண்டவாளத்தில் ஓடும். இந்தப் பக்கம் தள்ளினால் படுக்கையறை, அந்தப் பக்கம் தள்ளினால் கூடம். மேசை சுவருக்குள் மடங்கும். கட்டில் கூரைக்கு ஏறும். பதினோரு விதமாக மாற்றலாம் என்று ஹில்கே விளம்பரத் தாளில் போட்டிருந்தான். பத்துதான் வரும். பதினோராவது, கட்டிலை இறக்கி மேசையையும் விரிப்பது. அதைச் செய்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது.

எலி வளையானாலும் தனி வளை என்று குடிவந்தவர் நீன்கே. அறுபத்தொன்பது வயது. முப்பத்தோரு வருடம் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். படகு வந்தால் பாலம் மேலே போகும், போனதும் கீழே வரும். அந்தப் பாலத்தை இப்போது எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து கணினியில் தூக்குகிறார்கள்; பாலத்தடி வீட்டை இடிக்கப் போகிறார்கள். குட்டி வீட்டுக்கு இவரை விடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று ஹில்கே நினைத்தான். வேலை பார்த்த கூண்டே ஆறு சதுர மீட்டர்தானே.

முதல் வாரமே தொலைபேசி வந்தது.

"தம்பி, வீடு நல்லா இருக்கு," என்றார் நீன்கே.

ஹில்கே பென்சிலைக் கையில் எடுத்தான். எந்த வாடிக்கையாளரும் இந்த வாக்கியத்தை இதோடு நிறுத்தியதில்லை.

"ஆனா கழிப்பறையில பிறந்தநாள் காலண்டர் மாட்ட இடமில்லையே. நாலு பக்கமும் அலமாரிக் கதவா வச்சிருக்க. யாருக்கு எப்போ பிறந்தநாள்னு உட்கார்ந்து பார்க்குற இடம் அது ஒண்ணுதான். அங்க இல்லன்னா வேற எங்கப்பா மாட்டுவேன்?"

நியாயம்தான். ஹில்கே போய் ஓர் ஆணி அடித்துவிட்டு வந்தான். அடுத்த வாரம், காபி இயந்திரத்துக்கும் மேசைக்கும் ஒத்துவரவில்லை. மேசையை மடித்தால் இயந்திரம் தலைகீழாகத் தொங்குகிறது. ஒரு தட்டுப் பலகை வைத்துக் கொடுத்தான். அதற்கடுத்த வாரம், ஜன்னல் உயரமாக இருக்கிறது, தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரிய மாட்டேன் என்கிறது, ஏதோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். அதற்கு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் கழித்துப் போய் ஜன்னலடிப் பலகையை இறக்கி வைத்தான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி அழைப்பு.

"நவம்பர் ஒன்பது என் பிறந்தநாள் தம்பி."

"அப்படியா அம்மா, குறிச்சு வச்சுக்கிறேன்."

"நீ குறிச்சு என்ன ஆகப்போகுது? பதினாலு நாற்காலி போடணும். வட்டமா, பிறந்தநாளுக்கு எல்லார் வீட்டுலயும் போடுற மாதிரி. போட்டுப் பார்த்தேன், வரமாட்டேங்குது."

ஹில்கே அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஓடினான். நீன்கே பதினான்கு மர நாற்காலிகளையும் பாலத்தடி வீட்டிலிருந்து கொண்டுவந்து, அலமாரிச் சுவரை ஒரு கோடிக்குத் தள்ளிவிட்டு, தரையில் இழுத்து இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் இரண்டு பக்கமும் சுவரில் முட்டி நசுங்கியிருந்தது. அளந்தான். முழு வட்டத்துக்கு மூன்று மீட்டர் இருபது வேண்டும். வீட்டின் உள்ளகலம் இரண்டு மீட்டர் எண்பது. நாற்பது சென்டிமீட்டர் குறைகிறது. ஒரு முழத்துக்கும் கீழே. உலகத்தில் வேறெங்கும் வேறெதற்கும் தேவைப்படாத நாற்பது சென்டிமீட்டர்.

"கொஞ்சம் நீட்டி, முட்டை மாதிரி வைக்கலாமே அம்மா."

"முட்டைக்கு ரெண்டு முனை இருக்கு தம்பி. முனையில உட்கார்றவன் தலைவன் ஆயிடுவான். என் கொழுந்தன் லியூவே முனையில உட்கார்ந்தான்னு வச்சுக்க, ரெண்டு மணி நேரம் டிராக்டர் கதைதான். வட்டத்துல அவனால முடியாது. எல்லார் கண்ணும் எல்லார் மேலயும் இருக்கும்."

"ரெண்டு வரிசையா போட்டா?"

"பஸ்ஸா இது?"

"சுவரோரமா பெஞ்சு போட்டுத் தர்றேன். அழகா, கீழே சாமான் வைக்கிற மாதிரி."

"பெஞ்சுல உட்கார்றது ஆஸ்பத்திரியில."

"அன்னிக்கு ஒரு நாள் ஊர்ப் பொதுக்கூடத்தை எடுத்துக்கலாமே? நான் பேசி வாங்கித் தர்றேன்."

நீன்கே கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "எங்க அக்கா சீட்ஸ்கே என்ன சொல்லுவா தெரியுமா? 'பாவம், வீடு இல்லாதவ கூடத்துல கொண்டாடுறா'ன்னு சொல்லுவா. வாயத் திறந்து சொல்லமாட்டா. கேக்கை முள்கரண்டியால நோண்டிக்கிட்டே சொல்லாம சொல்லுவா."

ஹில்கேவுக்குப் பொறுமை ஒரு எல்லைக்கு வந்தது. இரண்டு வருடம் உழைத்த வீடு. ஒரு சொட்டுப் பசை இல்லாத வீடு. ஒரு மெழுகுவர்த்தி அளவு சூட்டில் இரவெல்லாம் கதகதப்பாக இருக்கும் சுவர். அதைப் பதினான்கு நாற்காலிகள் வந்து தோற்கடிப்பதா?

"நான் ஒண்ணு கேட்கலாமா அம்மா? பிறந்தநாள் வருஷத்துல ஒரு நாள். வெளியே அகலத்தைக் கூட்டச் சாலை விடாது; அந்த ஒரு நாளைக்காகச் சுவரைச் சன்னமாக்கிட்டு, மிச்ச முந்நூத்தி அறுபத்துநாலு நாளும் குளிருல நடுங்கப் போறீங்களா?"

நீன்கே கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே, அவன் இறக்கி வைத்த பலகைக்கு மேலே தெரிந்த கிழங்கு வயலைப் பார்த்தார்.

"முந்நூத்தி அறுபத்துநாலு நாள் நான் தனியா இருப்பேன் தம்பி. அதுக்கு எந்தப் பெட்டியும் போதும். ஆறு மீட்டர் கூண்டுல முப்பத்தோரு வருஷம் இருந்தவ நான். எனக்கு வீடு தேவைப்படுறது அந்த ஒரு நாளைக்குத்தான். நீ வீடே தேவைப்படாத நாளுக்கெல்லாம் வீடு கட்டி வச்சிருக்க." பிறகு, அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "காபி குடிக்கிறியா? பலகை ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

வட்டம் வராவிட்டால் கையெழுத்து இல்லை என்று அவர் சொல்லவில்லை. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டும்தான் சொன்னார். இரண்டும் ஒன்றுதான்.

அன்று மாலை ஹில்கே வீட்டில் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். ரிக்ஸ்ட் பட்டாணிச் சூப்பை அவன் வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.

"எத்தனை சென்டிமீட்டர் பிரச்சினை?"

"நாப்பது."

"நம்ம வீட்டுல மூணு அறை சும்மா கிடக்கு. இங்க வந்து கொண்டாடச் சொல்லு."

"கிண்டல் பண்ணாத ரிக்ஸ்ட்."

"நான் எங்க கிண்டல் பண்றேன்? நீ அந்த அம்மாகிட்ட ஆரம்பத்துல என்னதான் கேட்ட?"

கேட்டிருந்தான். கேள்வித்தாளே கொடுத்திருந்தான், மொத்தம் அறுபத்திரண்டு கேள்வி. இப்போது எடுத்துப் பார்த்தான். முப்பத்தேழாவது கேள்வி: 'வீட்டுக்கு அதிகபட்சம் எத்தனை பேர் வருவார்கள்?' நீன்கே தெளிவான கையெழுத்தில் 'பதினான்கு' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஹில்கேயின் பென்சில், 'சராசரி 1.3' என்று எழுதியிருந்தது.

ரிக்ஸ்ட் அவன் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "அந்தப் புள்ளி மூணு யாரு? லியூவேவா?"

ஹில்கே சூப்பை எடுத்துக் குடித்தான்.

சுவரைச் சன்னமாக்கத்தான் வேண்டும். முப்பத்தைந்தைப் பதினைந்தாக்கி, சணலுக்குப் பதில் தக்கைப்பட்டைப் பலகை வைத்தால் பக்கத்துக்கு இருபது, சரியாக நாற்பது கிடைக்கும். அப்படிச் செய்தால் சூடு ஓடிப்போய்ப் பௌமாவின் முதல் தரமும் கூடவே ஓடிப்போகும். ஆக, சுவரில் போனதைத் தரையிலும் கூரையிலும் ஈடுகட்ட வேண்டும். கூரையில் பதினைந்து, தரையில் பதினைந்து கூட்டினான். கணக்கு இடித்தது, கூரையை மேலே உயர்த்த முடியாது, வண்டியோடு சேர்த்து நாலு மீட்டரைத் தாண்டினால் நெடுஞ்சாலைப் பாலத்தடியில் மாட்டும். மேலே போக முடியாதது கீழே வந்தது. உள்ளே இரண்டு மீட்டர் நாற்பது இருந்த உயரம் இரண்டு மீட்டர் பத்தாகச் சுருங்கியது. குறுக்கே ஓடும் இரண்டு உத்தரங்களுக்கு அடியில் ஒரு மீட்டர் தொண்ணூற்று மூன்று.

ஹில்கேயின் உயரம் ஒரு மீட்டர் தொண்ணூற்றெட்டு. பட்டறையில் அவன்தான் குள்ளம்.

யோசித்தான். நீன்கே ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு. உத்தரத்துக்கும் அவருக்கும் இந்த ஜென்மத்தில் சம்பந்தமில்லை. விருந்தாளிகள்? விருந்தாளிகள் உட்கார்ந்துதானே இருப்பார்கள். வட்டமே உட்காருவதற்குத்தானே. உட்கார்ந்த மனிதனுக்கு உத்தரம் எவ்வளவு உயரத்தில் இருந்தால் என்ன? பென்சிலைக் கீழே வைத்தபோது தன்னை ஒரு மேதை என்றுகூட அரை நிமிடம் நினைத்துக்கொண்டான். அந்த அரை நிமிடத்தைப் பிற்பாடு பல தடவை நினைத்து வெட்கப்பட்டான்.

அக்டோபர் முழுக்க வேலை. நீன்கேவை ஹில்கேயின் பண்ணைவீட்டில், அட்டை மாதிரிகளை ஒதுக்கிவிட்டு ஓர் அறையில் குடிவைத்தார்கள். அவர் தினமும் காலையில் வந்து, தச்சர்கள் சணல் கட்டிகளைப் பெயர்ப்பதைப் பார்த்துக்கொண்டே காபி ஊற்றிக் கொடுத்தார். இடித்த சுவர் வீணாகவில்லை. நொறுக்கித் தரைக்கடியிலும் கூரையிலும் நிரப்பினார்கள். எல்லாம் திருகாணி என்று ஹில்கே பெருமையடித்துக்கொண்டது முதல்முறையாக உண்மையிலேயே உதவியது. ஆனால் ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் அவனுக்குத் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வதுபோல இருந்தது.

நவம்பர் ஐந்தாம் தேதி பௌமா வந்தார். வெப்பம் காட்டும் கேமராவைச் சுவர் சுவராக நீட்டினார். கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கணினியில் எதையோ தட்டினார், மறுபடி பிதுக்கினார்.

"முதல் தரம்தான்," என்றார் கடைசியில். "நூலிழையில. இன்னும் ரெண்டு ஜன்னல் வச்சிருந்தீங்கன்னா போயிருக்கும்." கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார், நங் என்று உத்தரத்தில் இடித்துக்கொண்டார். "இது ஏன் இங்க இருக்கு?"

"நீங்க நிக்கிறீங்க சார்," என்றான் ஹில்கே. "இது உட்கார்றதுக்கான வீடு."

பௌமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார். உத்தரத்துக்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. ஆக மிச்சமிருந்தது நீன்கேயின் கையெழுத்து ஒன்றுதான்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு விருந்து. ஹில்கே ஒன்றரைக்கே வந்து, அளவுநாடாவோடு நாற்காலிகளை வைத்தான். வட்டம். முழு வட்டம். எந்த முனையும் இல்லாத, லியூவே எங்கே உட்கார்ந்தாலும் பதினான்கில் ஒருவனாக மட்டுமே உட்காரக்கூடிய வட்டம். அவன் கண் கலங்கியதாகப் பிற்பாடு நீன்கே சொன்னார். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

வரவேண்டிய ஒரு மருமகன் வரவில்லை; அவன் மாடு கன்று போடுகிறது. "அந்த நாற்காலியில நீ உட்காரு," என்றார் நீன்கே. "சும்மா சுவரைத் தடவிக்கிட்டு நிக்காத." படிவம் ஜன்னலடிப் பலகையில், காபிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. கையெழுத்துக் கட்டம் வெள்ளையாகத் தெரிந்தது.

முதலில் வந்தவர் அக்கா சீட்ஸ்கே. எழுபத்திரண்டு வயது, மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் வீடு முழுவதையும் பார்த்து முடித்துவிட்டார். அதற்கு நேரமும் அதிகம் ஆகாதுதான்.

"ஏன்டி நீன்கே, வீடு கட்டினாங்களா, பெட்டி செஞ்சாங்களா?"

"பெட்டியில காபி இருக்கு. உட்காரு."

அடுத்து லியூவே, மனைவியோடு. அப்போதுதான் அது நடந்தது.

அந்த ஊரில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அங்கே இருக்கும் எல்லாருக்கும்தான் வாழ்த்து. தங்கைக்குப் பிறந்தநாள் என்று அக்காவுக்கு வாழ்த்து, பக்கத்துவீட்டுக்காரருக்குப் பிறந்தநாள் என்று அவருக்கு அடுத்த வீட்டுக்காரருக்கும் வாழ்த்து. புதிதாக ஒருவர் உள்ளே வந்தால், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று கைகொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தபடி கைகொடுப்பது குழந்தைகளும் குடிகாரர்களும் செய்வது. ஹில்கே பிறந்தது முதல் இதைச் செய்துகொண்டிருக்கிறான். வருடத்துக்கு முப்பது பிறந்தநாள் என்று வைத்தாலும் பல ஆயிரம் தடவை எழுந்திருப்பான். அறுபத்திரண்டு கேள்வியில் அது இல்லை.

லியூவே கைநீட்டினார். ஹில்கே மரியாதையாக எழுந்தான்.

நங்.

கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லியூவேவும் உட்கார்ந்தார், உத்தரத்துக்கு நேர் கீழே. கதவு தட்டப்பட்டது. நீன்கேயின் தம்பி மகன் வந்தான். எல்லாரும் எழுந்தார்கள்.

நங். நங்.

"வாழ்த்துகள் மாமா!"

"வாழ்த்து இருக்கட்டும்டா, என் மண்டை!"

மறுபடி கதவு. நங், நங், நங். ஒவ்வொருவராக வரவர, எழுகிறவர்கள் கூடினார்கள், இடிகளும் கூடின. அந்தக் குடும்பத்தில் ஆண்கள் யாரும் ஒன்று தொண்ணூற்றைந்துக்குக் குறைவில்லை. சீட்ஸ்கே மட்டும் குட்டையாக, பத்திரமாக, கேக்கை முள்கரண்டியால் நோண்டிக்கொண்டிருந்தார். எட்டாவது விருந்தாளி வந்தபோது வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. லியூவே உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை உச்சியில் வைத்துக்கொண்டு, "எங்க பண்ணையில கோழிக்கூண்டுகூட இதைவிட உசரம்," என்றார். "கோழி பாவம்னு உசத்திக் கட்டினேன்."

"இவர்தான் கட்டினவர்," என்றார் சீட்ஸ்கே, ஹில்கேவை முள்கரண்டியால் காட்டி. "இவரைப் பார்த்தா கோழி மேல இரக்கம் இருக்கிற மாதிரி தெரியல."

ஹில்கேவுக்குத் தரைக்கடியில், அந்தப் பதினைந்து சென்டிமீட்டர் சணலுக்குள் புதைந்துவிடலாமா என்று இருந்தது. இடித்து, அளந்து, பெயர்த்து, மறுபடி கட்டி, கடைசியில் மனிதர்கள் எழுந்து நிற்பார்கள் என்பதை மறந்திருக்கிறான். மனிதர்கள் எழுந்து நிற்பார்கள் என்பதை! படிவத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தெற்கத்திப் பெட்டகக்காரர்களின் வீட்டு உள்ளுயரம் இரண்டு மீட்டர் முப்பதுக்குக் குறையாது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. நீன்கேயின் தம்பி, அவன் மனைவி, இரண்டு பெரிய பெண்கள். நாலு பேர் ஒன்றாக. வட்டத்தில் ஒன்பது ஜோடி முழங்கால்கள் தயாராவது ஹில்கேவுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க!"

பாலத்தை மேலே தூக்கும்போது கால்வாயின் அந்தக் கரைக்குக் கேட்க வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் பழகிய குரல் அது. எல்லாரும் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றுபோனார்கள்.

"உட்காருங்க. எல்லாரும். லியூவே, நீயும்தான். இந்த வீட்டுல வாழ்த்தை உட்கார்ந்தே வாங்கிக்கலாம்."

"உட்கார்ந்தேவா?" சீட்ஸ்கேயின் முள்கரண்டி நின்றது. "நீன்கே, நம்ம அப்பா உசிரோட இருந்திருந்தா—"

"அப்பா உசரம் ரெண்டு மீட்டர் நாலு சென்டி. முதல்ல அவர் மண்டைதான் உடைஞ்சிருக்கும். என் பிறந்தநாள், என் வீடு. வர்றவங்க சுத்தி வந்து குனிஞ்சு கை குடுக்கட்டும்."

வந்த நாலு பேரும் வட்டத்துக்குள் இறங்கினார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் இலை இலையாகக் குனிவதுபோல, நாற்காலி நாற்காலியாகக் குனிந்து கைகொடுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். முழங்கால்களுக்கு நடுவே நடப்பதால் வேகமாகப் போக முடியவில்லை. முகம் பக்கத்தில் வருவதால் வெறும் வாழ்த்தோடு விட்டு நகரவும் முடியவில்லை. "இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டியிருந்தது. பெரிய பெண் லியூவேவின் தலையில் பட்டாணிப் பொட்டலத்தைச் சரிசெய்துவிட்டு, அந்த மண்டையிலேயே ஒரு முத்தமும் கொடுத்தாள். லியூவே டிராக்டரைப் பற்றிப் பேசவில்லை. ஹில்கே ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

முதல் காபிக்கு ஆளுக்கொரு துண்டு ஆரஞ்சுக் கேக். இரண்டாவது காபிக்கு ஒரு பிஸ்கட், உடனே டப்பாவை மூடிவிட வேண்டும். எல்லாம் முறைப்படி நடந்தது. பதினான்கு பேர் மூச்சில் வீடு அடுப்பாகி, ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். ஹில்கே அக்டோபர் முழுக்கச் சேமித்த சூடு எல்லாம் கிழங்கு வயலுக்குப் போனது. திறந்துவிட்டவனும் அவன்தான்.

நாலரை மணிக்கு நீன்கே படிவத்தை எடுத்தார். எழுத இடமில்லை, மேசை நாற்காலிகளுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. "முதுகைக் காட்டு," என்று லியூவேவைத் திருப்பி, அவர் முதுகில் தாளை வைத்துக்கொண்டார். 'குறைகள் ஏதாவது' என்ற கட்டத்தில் வெகுநேரம் எழுதினார். ஹில்கே காலிக் கோப்பையை மறுபடி வாயில் வைத்துக் கவிழ்த்தான்.

"கூச்சமா இருக்கு அத்தை, சீக்கிரம் போடுங்க," என்றான் தம்பி மகன், தன் முதுகில் எழுதுவது போலவே நெளிந்துகொண்டு.

"சும்மா இருடா. 'உத்தரம் ரெண்டு. காபிப் பலகை நாலு விரற்கடை இறங்கணும். ஜன்னல் இன்னும் உசரம்தான்'." கையெழுத்துப் போட்டார். தாளை ஹில்கேயிடம் நீட்டினார். "உத்தரத்துக்கு ஏதாவது பஞ்சு சுத்திக் குடு. என்னைப் பார்க்க வர்றவங்க மண்டை எனக்கு வேணும்."

ஹில்கே தாளை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பையின் பொத்தானையும் போட்டான். பதினொரு வீடு. நாலு தச்சர்கள். நன்றி சொல்ல எழ நினைத்து, வேண்டாம் என்று உட்கார்ந்தபடியே சொன்னான்.

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு முள்கரண்டி அவன் முட்டியைத் தட்டியது.

"மிச்சப் பதினொண்ணுல எதுவும் யாருக்கும் ஆகலைன்னு கேள்விப்பட்டேன்," என்றார் சீட்ஸ்கே, எங்கேயோ பார்த்துக்கொண்டு. "எனக்கு மாடி ஏற முடியல. சும்மா கேக்குறேன். கேட்டா தப்பில்லையே."

"தப்பே இல்லைங்க."

"எனக்குப் பதினெட்டு நாற்காலி."

"முடியாது," என்றான் ஹில்கே. மூன்று மாதமாகச் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொல்லாமல் விட்ட வார்த்தை பளிச்சென்று வந்தது. "சாலை அவ்வளவுதான் அகலம்."

"நீன்கேவுக்கு மட்டும் சுவரையே பெயர்த்தீங்க."

"பன்னெண்டு வேணா வரும்."

"பன்னெண்டா? என் பேரப்பிள்ளைங்களே பத்து பேர். பதினேழு."

"பதிமூணு."

"தம்பி, நான் உங்களுக்காக உட்கார்ந்தே வாழ்த்து வாங்கியிருக்கேன். எங்க அப்பா பேரைக் கெடுத்துட்டு. பதினாறு, ஒரு ஊஞ்சல் நாற்காலி."

"ஊஞ்சல் நாற்காலி ரெண்டு நாற்காலி இடம் பிடிக்கும்," என்றான் ஹில்கே. சொல்லும்போதே கை பையில் பென்சிலைத் தேடியது அவனுக்கே எரிச்சலாக இருந்தது. "அது எந்தப் பக்கமா ஆடும்?"